டீக்கடை முக்கில் தொண்ணூற்றாறேகால் அடி

தளவாய்: எண்பத்திரெண்டே காலடி, மேடம்.

முத்துராணி: யாரு காலடி?

தளவாய்: விடிஞ்சதுமே ஆரம்பிச்சிட்டியளா... அணையில தண்ணி மட்டம். எண்பத்திரெண்டு அடி, அதுக்கு மேல ஒரு கால்.

முத்துராணி: நேத்து எண்பத்திரெண்டரைன்னு சொன்னியளே. ராவோட ராவா கால் அடியக் குடிச்சது யாரு?

தளவாய்: முக்கூடல் பக்கம் நெல்லு நடுவைக்குத் தொறந்து விட்டிருக்குல்லா. நீங்கதான நேத்து அதையும் சேத்து எழுதுனிய.

முத்துராணி: ஆங்... எழுதுனேன், எழுதுனேன். காலையில ஆறு மணிக்கு எனக்கு என்ன ஞாவகம் இருக்கும்? அது கெடக்கட்டும், அங்கன என்ன கீச்சு கீச்சுன்னு சத்தம்? எலி புடிக்கியளா?

தளவாய்: இது வந்து... மதகு ஷட்டருக்கு எண்ணெய் போடுதாவ.

முத்துராணி: அம்மாம் பெரிய ஷட்டரு கீச்சுன்னா கத்தும்?

தளவாய்: இது சின்ன ஷட்டரு. ஏலே குமரவேலு, கழுத்தப் புடிச்சி இழுக்காதல, ஒடிஞ்சிரும்!

முத்துராணி: யாரு கழுத்த?

தளவாய்: ஷட்டரோட கழுத்து மேடம். அத விடுங்க. உங்க பக்கம் என்ன விசிலு கேக்கு? கண்ட்ரோல் ரூம்ல குக்கர் வச்சிருக்கியளா?

முத்துராணி: அது நம்ம ஆபீசரு எலியேசர் சாரு. சளி புடிச்சிருக்கு. மூச்சு விட்டா விசிலடிக்கும்.

தளவாய்: பாவம், மூணு விசில் வந்துட்டு. எறக்கி வைக்கச் சொல்லுங்க.

முத்துராணி: ரொம்பத்தான்... இந்தா, ஒரு விசயம் கேள்விப்பட்டேன். உங்க அணைக்கு மிஷின் வரப்போவுதாமே. அதுவே மட்டத்த அளந்து, அதுவே அனுப்பிருமாம்.

தளவாய்: அப்படியா... யாரு சொன்னா?

முத்துராணி: எல்லாரும்தான் சொல்லுதாவ. அது வந்துட்டா நீங்க எனக்குப் போன் போட வேண்டாம். விடியக்காலம் நல்லா இழுத்துப் போத்திக்கிட்டு ஒறங்கலாம்.

தளவாய்: ஒறக்கம் எங்க வரும்? இந்த ஆறு மணிப் பேச்சு இல்லன்னா எனக்கு அன்னைக்குப் பூரா ஒண்ணுமே ஓடாது மேடம். இது நின்னு போயிரக் கூடாதேன்னு சாமியக் கூடக் கும்பிட்டிருக்கேன்.

முத்துராணி: நானும் நெனச்சுப் பாத்தேன். ரெண்டு வருசமா நீங்க சொல்லுதிய, நான் இங்கன திருநவேலியில இருந்து கேக்கேன். உங்க மூஞ்சியவும் பாத்ததில்ல, அந்தத் தண்ணியவும் பாத்ததில்ல. அதான் ஞாயித்துக்கெழம வரலாம்னு இருக்கோம், நானும் எங்கம்மையும்.

தளவாய்: எங்க?

முத்துராணி: அணைக்குத்தான். படகு விட்டிருக்காவளாமே. பேப்பர்ல படம் போட்டிருந்தான், மஞ்சக் கலர்ல வாத்துப் படகு.

தளவாய்: வாத்து இல்ல, அன்னம்.

முத்துராணி: பாத்தா வாத்து மாதிரிதான் இருந்துச்சு.

தளவாய்: செஞ்சவன் கழுத்தக் குட்டையா வச்சிட்டான்... மேடம், ஞாயித்துக்கெழம வேண்டாம்.

முத்துராணி: ஏன்?

தளவாய்: ஆடிக் காத்து. ஆளையே தூக்கிட்டுப் போயிரும்.

முத்துராணி: எங்கம்மைய ஒரு காத்தும் தூக்க முடியாது. எண்பது கிலோ.

தளவாய்: குரங்குத் தொல்லை. சோத்துப் பொட்டலத்தக் கையில இருந்தே புடுங்கிரும்.

முத்துராணி: திங்கட்டும். கூட ரெண்டு பொட்டலம் கட்டிட்டு வாறேன்.

தளவாய்: ஆழம் மேடம், ரொம்ப ஆழம்.

முத்துராணி: எனக்குத் தெரியாத ஆழமா? எண்பத்திரெண்டே காலடி.

தளவாய்: அங்கதான் எல்லாரும் ஏமாறுதாவ. நான் சொல்லுத மட்டம் மதகு வாசல்ல இருந்து ஆரம்பிக்கும். அதுக்குக் கீழயும் பதினாலு அடி தண்ணி கெடக்கு. அணை கட்டுன நாள்ல இருந்து அது வெளிய போனதே இல்ல. கணக்குலயும் வராது.

முத்துராணி: அப்பம் ரெண்டு வருசமா பதினாலு அடிய எங்கிட்ட மறைச்சிருக்கிய.

தளவாய்: மறைக்கல... நீங்க கேக்கல.

முத்துராணி: இனிமே கேக்காததையும் சொல்லணும். சரி, இருக்கதுலயே ஆழம் எங்கன?

தளவாய்: டீக்கடை முக்குல. தொண்ணூத்தாறே காலடி.

முத்துராணி: தண்ணிக்குள்ள டீக்கடையா?

தளவாய்: கேளுங்க. அணை கட்டுததுக்கு முந்தி இது வெறும் பள்ளம். நடுவுல முழங்காலளவு ஆறு ஓடுமாம். மூவாயிரம் பேரு ஆறு வருசம் அதுக்குள்ளதான் கொட்டாய் போட்டுக் கெடந்து கல்லு சுமந்திருக்காவ. அவ்வளவு பேருக்கும் ஒரே டீக்கடை. காயப்பட்டினத்துல இருந்து மதார்னு ஒருத்தரு வந்து போட்டது. வேல முடிஞ்சு தண்ணியத் தேக்குனப்பம் எல்லாரும் கெளம்பிட்டாவ, மதாரு மட்டும் கடைய எடுக்கல. 'இன்னும் நாலு பேரு டீ குடிக்க வருவாவ'ன்னு சொல்லிட்டு இருந்தாராம்.

முத்துராணி: பொறவு?

தளவாய்: தண்ணிதான் வந்துச்சு. அடுப்பு அணைஞ்ச பொறவு பாய்லரத் தலையில தூக்கி வச்சிக்கிட்டு மேட்டுக்கு ஓடியிருக்காரு. ஆளு போயிட்டாரு, பேரு மட்டும் அங்கனயே நின்னுட்டு. லாரி நின்ன எடம் இன்னைக்கும் எங்களுக்கு லாரி ஸ்டாண்டுதான். அது அறுபது அடி ஆழத்துல இருக்கு.

முத்துராணி: நல்லாருக்கே. இவ்வளவு சொல்லிப்புட்டு வராதீயன்னா எப்படி?

தளவாய்: சொல்லுததுக்குத்தான் நல்லாருக்கும். சுத்துதது கஷ்டம். டீக்கடைய ஒரு சுத்து சுத்திட்டு லாரி ஸ்டாண்டுல பைய வளைச்சிரணும். அரை மணிக்கு மேல ஆச்சுன்னா கரையில நிக்கவன் சண்டைக்கு வாறான். நேத்துகூட ஒரு டீச்சரம்மா, டீக்கடை வந்ததும் எந்திரிச்சு நின்னு போட்டோ எடுக்கணும்னு ஒரே புடி. எந்திரிக்காதீயன்னு சொல்லச் சொல்லக் கேக்கல, படகு ஆடி எம் மடியிலயே விழுந்துட்டாவ.

முத்துராணி: மடியிலயா?

தளவாய்: அவங்களுக்கு எழுபது வயசு மேடம்.

முத்துராணி: வயசு கெடக்கட்டும். மட்டம் பாக்குத ஆளுக்குப் படகுல என்ன வேலை?

தளவாய்: அது... சும்மா, கூட ஒத்தாசைக்கு...

முத்துராணி: கேக்காததையும் சொல்லணும்னு இப்பம்தான சொன்னேன்.

தளவாய்: ஏலே குமரவேலு, நீ கொஞ்சம் அங்கிட்டுப் போல.

முத்துராணி: தளவாய்?

தளவாய்: மிஷின் இனிமே வரப்போறதில்ல மேடம். வந்துட்டு. சித்திரையிலயே மாட்டியாச்சு. அன்னைக்கே ஆர்டர் போட்டு என்னையப் படகுத்துறைக்கு மாத்திட்டாவ. இனி போன் போட வேண்டாம்னும் சொல்லியாச்சு. இப்பம் கீச்சுன்னு கேட்டுச்சே, அது அன்னம்தான். கழுவிக்கிட்டு இருக்கோம். கேக்குதா?

முத்துராணி: கேக்கு. சொல்லுங்க.

தளவாய்: மறுநாள் ஒரு வார்த்த சொல்லிட்டு வச்சிருவோம்னுதான் போட்டேன். ஆபீஸ் போன் கெட்டுப் போச்சு, இனிமே இதுக்குப் போடுங்கன்னு முந்துன நாளு நீங்க குடுத்தியளே, அந்த நம்பருக்கு. நீங்க எடுத்த எடுப்புல 'எத்தனை அடி'ன்னு கேட்டுட்டிய. இருங்கன்னுட்டு ஓடிப் போயிப் பாத்துட்டு வந்து சொன்னேன். அடுத்த நாளும் கேட்டிய. அப்பிடியே பழகிட்டு. இப்பம் தெனமும் அஞ்சரைக்கு அணை மேல நடந்து போயி மட்டத்தப் பாத்துட்டுத்தான் படகு கழுவ எறங்குதேன்.

முத்துராணி: மூணு மாசமாவா?

தளவாய்: ஒருநாளும் வாய்க்கு வந்ததச் சொல்லல, சத்தியமா. மழையிலயும் குடையப் புடிச்சிக்கிட்டுப் போயிப் பாத்தேன். நான் சொல்லுத ஒவ்வொரு அடியும் உள்ளதுதான். பேச்சு நின்னுருமேன்னு பயந்துதான் மறைச்சேன்... கோவமா?

முத்துராணி: அந்த ஆர்டர் கையில இருக்கா?

தளவாய்: பொட்டியில கெடக்கு. எதுக்கு? எலியேசர் சார்ட்ட சொல்லப் போறியளா?

முத்துராணி: அத முழுசா வாசிச்சியளா?

தளவாய்: மொத வரியில எம் பேரு. பாத்ததுமே மனசு விட்டுப் போச்சு. மடிச்சுப் பொட்டியில போட்டவன்தான், பொறவு அத எடுக்கவே இல்ல.

முத்துராணி: ரெண்டாவது வரியில எம் பேரு இருக்கு. மட்டம் சொல்லுத ஆளு வேண்டாம்னா கேட்டு எழுதுத ஆளு மட்டும் எதுக்கு? என்னையப் பேட்டை ஆபீசுக்கு மாத்தி அதே மூணு மாசம். ஆபீஸ் போன் கெடவும் இல்ல ஒண்ணும் இல்ல, நீங்க தெனமும் போடுதது என் சொந்த நம்பரு, இப்பம் கேட்ட விசிலும் எங்க வீட்டுக் குக்கருதான். ஆர்டர் உங்க கைக்கு வாறதுக்கு முந்துன நாளே எங்க மேசைக்கு வந்துட்டு, அதான் அன்னைக்கே குடுத்தேன். ஞாயித்துக்கெழம நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுத் துறையில நில்லுங்க. எங்கம்மைக்குத் தண்ணியக் கண்டாலே தலை சுத்தும், படகுல ஏறவே மாட்டா. அவ பாக்க வாறது உங்களத்தான்.