வலது காலுக்குக் கறுப்புக் கொக்கி

சைக்கிள் சப்பாத்து வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இறங்கி நடப்பீர்களா, மாட்டீர்களா? தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அடி கெட்டியான, பெடலில் மாட்டுகிற கொக்கியை மூன்று திருகால் இறுக்கிய சப்பாத்து. மிதிக்கிற பலம் முழுக்கச் சக்கரத்துக்குப் போகும். இறங்கினால் வாத்து நடைதான். மலை, காடு, சேறு என்று போகிறவருக்கு இரண்டு திருகு. கொக்கி அடிக்குள் பதுங்கியிருக்கும், சுற்றிலும் ரப்பர்ப் பல் இருக்கும், ஈரத்திலும் வழுக்காது. காலை மாட்டிக்கொள்ளவே பயமாக இருக்கிறது என்பவருக்குச் சாதாரணப் பெடல் போதும். இருபத்திரண்டு வருடமாக ஈப்போவில் கடை வைத்திருக்கிறேன். பொருந்தாத சப்பாத்தை யார் தலையிலும் கட்டியதில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

மிஸ் விவியன், என் வக்கீலாக நீங்கள் எழுதிக் கொடுத்த தாளைப் படித்தேன். நல்ல மனசோடு எழுதியிருக்கிறீர்கள். கோகிலன் சைக்கிளோடு சறுக்கிக் கால்வாயில் விழுந்தான், நான் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை என்று இருக்கிறது. அதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. முதல் வரியிலேயே என் பெயரை ‘உடையப்பன் த/பெ சன்னாசி @ நங்கா’ என்று போட்டிருக்கிறீர்கள். அடையாளக் கார்டில் இன்னொரு பெயர் இருப்பவர்களுக்குத்தான் அந்த @ போடுவார்கள். என் கார்டில் அப்படி எதுவும் கிடையாது. அதை அடித்துவிடுங்கள், நடந்ததை நானே எழுதித் தருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் சைக்கிள் குழு சிவப்பு விளக்கில் நின்றது. என் கொக்கியில் மணல் ஏறியிருந்தது, கால் கழலவில்லை. நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். யானைக்கும் அடி சறுக்கும், ஆனால் பெடல் விற்கிறவன் பெடலாலேயே விழுந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பின்னால் இருந்த கோகிலன், “நங்கா புசோக்லா அண்ணே” என்றான். மலாயில் நங்கா என்றால் பலாப்பழம்; அழுகின பழம் தொப்பென்று விழுகிற மாதிரி விழுந்தவனை அப்படிச் சொல்வார்கள். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன்தான் முதலில் ஓடி வந்து என்னைத் தூக்கி, முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒரு மாதத்தில் நான் நங்கா அண்ணே ஆனேன். ஆறு மாதத்தில் கடை நங்கா கடை ஆனது. கடைப் பலகையில் இருப்பது என் அப்பா பெயர், அதனால் அதைக் காட்டித் திருத்தவும் வழியில்லை. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற பத்துமலை என்னிடம் நட்சத்திரத்தை மட்டும் கேட்டுவிட்டு, பெயர் இடத்தில் ‘நங்’ வரைக்கும் எழுதிப் பிறகு அடித்தார். சாமிக்கு முன்னாலும் நான் பலாப்பழம்தான். நான் கூப்பிட்டால் என் மனைவி புனிதாவின் போனில் பலாப்பழப் படம் வரும். எனக்கு அவமானமாக இருந்தது. அவளிடம் சொன்னால் அதற்கும் சிரிப்பாள் என்று தெரியும், சொல்லவில்லை.

கோகிலனிடம் மட்டும் சொன்னேன். கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தம்பி, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு என்றேன். அவன் என் தோளைத் தட்டினான்.

“அட, பாசத்துல சொல்றதுண்ணே. இதுக்குப் போயி. விடுங்கலா.”

அவனுக்கு வலது முழங்காலுக்குக் கீழே இரும்புத் தகடு இருந்தது. பழைய மோட்டார் சைக்கிள் விபத்து. அந்தக் குதிகால் வெளிப்பக்கம் திரும்பாது. மலைச் சப்பாத்துக் கொக்கியில் இரண்டு வகை உண்டு. கறுப்பு, குதிகாலை வெளியே திருப்பினால்தான் கழலும். வெள்ளி நிறம், மேலே இழுத்தால்கூடக் கழலும். அவனுக்கு வெள்ளியைத் தேர்ந்து போட்டுக் கொடுத்தவன் நான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது, சப்பாத்தின் நிறத்தைப் பார்த்து வாங்குகிற ஆள். மற்றதை என்னிடம் விட்டுவிடுவான். அப்படி நம்புகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

போன மார்ச்சில் அவன் புதுச் சப்பாத்து கேட்டான். நல்லதாகவே எடுத்தேன். வலது அடியில் கறுப்புக் கொக்கியை வைத்து முடுக்கினேன். அவன் சைக்கிளும் சர்வீசுக்காக என்னிடம் இருந்தது. பெடலின் பிடியைக் கூட்டுவதற்கு ஒரு சின்னத் திருகு உண்டு; அதை இதற்கு மேல் திரும்பாது என்கிற வரைக்கும் திருப்பினேன். கடையில் கொடுத்தால் மாட்டிப் பார்ப்பான். அதனால் சனிக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேர் மட்டும் செமோருக்கு அப்பால் போனபோது, காரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம், இப்போது செம்பனையும் புதருமாகக் கிடக்கிறது. சப்பாத்தைப் போட்டுப் பார்த்து, கண் திருஷ்டி பட்டுவிடும்போல இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டான்.

இரண்டு கிலோமீட்டர் தாண்டிப் பாதை கால்வாய் ஓரமாகக் குறுகும். முந்தின நாள் மழை. நான் பின்னாலிருந்து என் முன்சக்கரத்தால் அவன் பின்சக்கரத்தை உரசினேன். வலப்பக்கம் சாய்ந்தான். காலை ஊன்றியிருக்க வேண்டும், ஊன்ற முடியவில்லை. சைக்கிளோடு கால்வாய்க்குள் போனான். இடது கால் கழன்றது. வலது காலை அவன் முறுக்கிய முறுக்கில், தகட்டுக்குக் கீழே எலும்பு ஒடிந்தது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். ஒடிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. தண்ணீர் முழங்கால் ஆழம்தான். இரண்டு கையையும் சேற்றில் ஊன்றித் தலையை மேலே வைத்திருந்தான்.

நான் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு இறங்கினேன். சப்பாத்தின் வாரை அவிழ்த்தால் கால் வெளியே வந்துவிடும். கையை எடுத்தால் அவன் தலை மூழ்கும், அதனால் அவனால் முடியாது. என்னால் முடியும். என் பேரைச் சொல், அவிழ்த்துவிடுகிறேன் என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன், மிஸ் விவியன்.

“நங்கா அண்ணே, காலு போச்சுண்ணே. தூக்கி விடுங்கண்ணே.”

அதில் கிண்டல் இல்லை. வலியில் அப்படித்தான் வந்தது. என் சப்பாத்துக் காலை அவன் பிடரியில் வைத்து, முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தினேன். பத்து எண்ணிவிட்டு எடுத்தேன். சேற்றைக் கக்கினான். திரும்பவும் கேட்டேன். ஞாபகம் வரவில்லை என்று அழுதான். ஏழு வருடப் பழக்கம், அண்ணே என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டான். அடுத்த தடவை இருபது எண்ணினேன். சேறு வழுக்கியதால் இன்னொரு காலை அவனுடைய ஒடிந்த காலின் மேல் ஊன்றிக்கொண்டேன். தண்ணீருக்குள்ளிருந்து வந்த சத்தம் எனக்கே கஷ்டமாக இருந்தது. பிடரியில் இருப்பதைக் கல்லில் பட்ட காயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் சப்பாத்துப் பல்லின் பதிவு. வரிசையாக ஆறு இருக்கும், படத்தில் எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் தடவை தலையை எடுத்தபோது ஞாபகம் வந்துவிட்டது. என் ரசீதில் எப்போதாவது பார்த்திருப்பான்.

“உடையப்பண்ணே,” என்றான். “உடையப்பண்ணே, எனக்குச் சின்னப் புள்ள இருக்குண்ணே.”

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து வாரில் கை வைத்துவிட்டேன், அது உண்மை. அப்போதுதான் யோசனை வந்தது. கால் ஆறும், ஆள் தேறுவான், டீக்கடையில் உட்கார்ந்து இதையும் ஒரு கதையாகச் சொல்வான். அப்போது எனக்கு என்ன பேர் வைப்பான்? கையை எடுத்துக்கொண்டேன். அவன் விடாமல் என் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான். சப்பாத்தைப் பிடரியில் வைத்தேன். இந்தத் தடவை எண்ணவில்லை.

கோகிலனைக் கொன்றது நான்தான். ஆனால் அவனுக்கு என் மேல் வருத்தம் எதுவும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். கடைசி மூச்சு வரைக்கும் என்னை மரியாதையாகப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான்.