தண்ணீருக்கும் சேர்த்து மூன்று வருடம்

அன்று கடையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், ராக்கையா. என் மனைவி மொக்கம்மாள். மகன் சுரேஷ்கண்ணன். மகள் ஹேமாவதி. எங்களுக்குப் பொருள் எடுத்துக் காட்டிய கடைப் பையன் கிங்ஸ்லி. தேனியில் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. வேறு யாரும் உள்ளே வரவில்லை. நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் இவர்களில் யாரிடமும் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம், ஹேமாவதியைத் தவிர.

லேப்டாப் வாங்குவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். தென்னங்கன்று வாங்கத் தெரியும், மோட்டார் வாங்கத் தெரியும். மோட்டாரை ஓடவிட்டுச் சத்தம் கேட்டால் அது எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்லிவிடலாம். லேப்டாப்பில் சத்தமே இல்லை. அதனால் ஹேமாவதி எதைச் சொல்கிறாளோ அதையே வாங்குவது என்று கோம்பையிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. எங்கள் வீட்டுப் பெண்கள் அதுவரை சம்பளத்துக்குப் போனதில்லை. ஆனாலும் நான் தடை சொல்லவில்லை. நான் காலம் தெரியாதவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கறுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்தாள். கிங்ஸ்லி என்னைப் பார்த்துச் சொன்னான்.

"ஐயா, இதுக்கு வாரண்டி ஒரு வருசம். கூடக் கொஞ்சம் கட்டுனா மூணு வருசத்துக்கு நீட்டிக்கலாம்."

மொக்கம்மாளுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. "வாரண்டா? நமக்கு எதுக்குய்யா வாரண்டு? போலீசு வீடு தேடி வாரதுக்கா?"

"யம்மா, வாரண்ட் இல்ல, வாரண்டி," என்றான் சுரேஷ்.

"வாரண்டி எனக்கும்மா. வாரண்டு வேணும்னா அண்ணனுக்கு வாங்கிக் குடு," என்றாள் ஹேமாவதி.

நான் சிரிக்கவில்லை. கடையில் நின்று சிரிப்பது எனக்குப் பிடிக்காது. "நல்ல பொருள்னா எதுக்குத் தம்பி கூடுதலா உறுதி? எங்க கோம்பை நாயிக்குட்டி எந்தெந்த ஊருக்கோ வெலைக்குப் போகுது. குட்டி குடுக்கையில எவனும் எங்ககிட்ட வாரண்டி கேட்டதில்ல," என்றேன்.

"நாயி கீழ விழுந்தா எந்திரிச்சு ஓடிரும்யா. இது ஓடாது," என்றான் கிங்ஸ்லி. பிறகு, பிடிவாதம் பிடிக்காத குரலில் சொன்னான்: "வேணாம்னாலும் பரவால்லைங்கய்யா. ஊருப்பக்கம் இருந்து வாரவுக நெறையப் பேரு வேணாம்னுதான் சொல்லுவாக."

அவன் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் என்னை அந்த நிறையப் பேரில் ஒருவனாக வைத்துப் பேசினான். ஹேமாவதி என் பக்கத்தில் வந்து மெதுவாக, "போட்டுக்கிருவோம்ப்பா. மூணு வருசத்துக்கு இது போதும். அதுக்கப்புறம் என் சம்பளத்துல நானே வாங்கிக்கிருவேன், உங்களுக்குச் செரமம் இல்ல," என்றாள்.

"போடு தம்பி. மூணு வருசத்துக்கே போடு," என்றேன்.

இதுவரை நடந்ததில் குறை எதுவும் இல்லை. அவன் கம்ப்யூட்டரில் பதியத் தொடங்கினான். ஹேமாவதியின் போன் நம்பரைக் கேட்டான், சொன்னாள். "இன்னொரு நம்பர் சொல்லுங்கக்கா. உங்க நம்பரு கெடைக்கலன்னா யாரைக் கூப்புடணும்?" என்று கேட்டான்.

அவள் சொன்னாள். போனை எடுத்துப் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை. புது லேப்டாப்பின் மூடியைத் தடவிக்கொண்டே, தன் பெயரைச் சொல்வதுபோல அந்த நம்பரைச் சொன்னாள். அது என் நம்பர் இல்லை. சுரேஷ் நம்பரும் இல்லை. தேங்காய் வியாபாரிகளின் நம்பர்களை எல்லாம் மனதிலேயே வைத்திருப்பவன் நான். ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும்.

அதன்பிறகு கிங்ஸ்லி ஏதோ விளக்கமாகச் சொன்னான். சுரேஷ் ஏதோ கேட்டான். ஹேமாவதி ஏதோ சொல்ல, மொக்கம்மாள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் சிரித்ததைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. என் காதில் அந்த நம்பர் மட்டும் இருந்தது. இதைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதற்கு அன்று நான் கேட்காமல் விட்டதுதான் காரணம்.

மறுநாள் தோப்பில் தனியாக இருந்தபோது அந்த நம்பரை அழைத்தேன்.

"ஹலோ, ரெக்ஸ் பேசுறேன். யாருங்க?"

நம்பர் மாறிவிட்டது என்றேன். "பரவால்லைங்கய்யா," என்று சொல்லி வைத்தான். குரலிலேயே வயதைக் கண்டுகொண்டு மரியாதையாகப் பேசினான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ரெக்ஸ் யார் என்று விசாரிக்க அதிக நேரம் ஆகவில்லை. பக்கத்து ஊர்ப் பங்கிராஸ் வாத்தியாரின் மகன். பங்கிராஸ் நல்ல மனிதர். சுரேஷுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்தால் நானே எழுந்துபோய் வரவேற்று உட்காரவைப்பேன். அவர்கள் சாமி வேறு, அவர்கள் ஆட்கள் வேறு. அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் எந்த வருத்தமும் கிடையாது. அவர்கள் அவர்கள் இடத்தில் இருந்தார்கள், நாங்கள் எங்கள் இடத்தில் இருந்தோம். எங்கள் வீட்டு வாசலில் நின்று யாரும் ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை. அது தானாக வந்ததில்லை. என் அப்பா காத்தார், நான் காத்தேன்.

கொஞ்ச காலம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளைக் கவனித்தேன். வீட்டில் சிக்னல் சரியாக வராது என்று பகலில் தோப்புக்கு வந்துவிடுவாள். மோட்டார் அறைக்குப் பக்கத்தில், கிணற்று மேட்டில், வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு வேலை பார்ப்பாள். நான் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு, "அப்பா, வெயில்ல நிக்காதீக," என்பாள். ஒருநாள் என் போனை வாங்கி ஏதோ செய்து கொடுத்தாள். "இந்தப் படத்த ஒரு தடவ தொட்டாப் போதும்ப்பா, எனக்கு வந்துரும். நம்பரெல்லாம் அமுக்க வேணாம்." அது அவள் படம். பள்ளிக்கூடத்தில் எடுத்தது. அதற்குப் பிறகும் நான் நம்பரைத்தான் அமுக்கினேன்.

பிறகு ஒருநாள் மதியம் சாப்பாட்டுத் தூக்கை நானே கொண்டுபோனேன். சாப்பிட்டு முடித்தாள். கைகழுவி வந்ததும் கேட்டேன்.

"ஆத்தா, கடையில ஒரு நம்பர் சொன்னியே. அது யாருது?"

பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்லியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கலாம். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ரெக்ஸ்னு ஒருத்தருப்பா. உங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்லன்னு தெரியல."

"எங்க நம்பர ஏன் சொல்லல?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கோபப்படவில்லை என்று நினைத்திருக்க வேண்டும், முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "உங்க நம்பர் எனக்கு மனப்பாடமா இல்லப்பா. போன்ல அப்பான்னு இருக்கும், தொட்டா வரும். அவரு நம்பருதான் சட்டுனு வாயில வந்துருச்சு. நீங்க அவர ஒரு தடவ பாத்துப் பேசுங்கப்பா. பிடிக்கலன்னா அப்புறம் பேசுவோம். நான் சொல்லாம ஓடிப்போற ஆளு இல்ல, உங்களுக்குத் தெரியும்ல."

தெரியும். அவள் ஓடிப்போகிறவள் இல்லை. சொல்லிவிட்டு, தலை நிமிர்ந்து, எங்கள் வாசல் வழியாகவே போவாள். ஓடிப்போனவளைத் தலைமுழுகிவிட்டோம் என்று ஊரிடம் சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகிறவளை என்ன சொல்வது? இதைத்தான் அந்த நேரத்தில் யோசித்தேன். நிதானமாகவே யோசித்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் கோபத்தில் எதையும் செய்வதில்லை.

"சரித்தா, பேசுவோம்," என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கியது. எழுந்து, கிணற்றின் கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கிற பக்கமாக நின்று, முந்தானை இல்லாத உடுப்பு என்பதால் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். என் பக்கம் முதுகு இருந்தது. நான் போய் அவள் முதுகில் இரண்டு கைகளையும் வைத்தேன். ஆறுதலாக வைக்கிறேன் என்று நினைத்தாள் போல, கொஞ்சம் என்மேல் சாய்ந்தாள். அப்போதுதான் தள்ளினேன்.

பிறகு நாற்காலியில் இருந்த லேப்டாப்பை எடுத்து அதே பக்கமாகப் போட்டேன். அவள் மேலே வந்தபோது என்னைக் கூப்பிட்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் அசையாமல் ஆன பிறகு பக்கத்துத் தோப்பு ராஜபாண்டியைச் சத்தம் போட்டு அழைத்தேன். கைதவறி விழுந்த லேப்டாப்பைப் பிடிக்க எட்டியபோது தவறிவிட்டாள் என்று சொன்னேன். அவன் நம்பினான். ஊரும் நம்பியது. பெயருக்கு ஒரு சிறு குறைகூட இல்லாமல் என் மகள் போய்ச் சேர்ந்தாள். பங்கிராஸ் வாத்தியார் மாலையோடு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பையன் நின்றான். கிட்டே வரவில்லை. அவனை யாரென்று யாரும் கேட்கவில்லை. அந்த அளவில் எல்லாம் முறையாக நடந்தது.

காரியம் முடிந்த அன்று பந்தலின் கீழ் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஒரு பொட்டிக்காக உசுர விட்டுருச்சே புள்ள," என்றாள் முத்துப்பேச்சி, என் தங்கை. சுரேஷ் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, அவ ஏன் அத எட்டிப் பிடிக்கணும்?"

"புதுப் பொருள்ல."

"தண்ணிக்குள்ள விழுந்தாலும் புதுசு தருவோம்னு அந்தப் பையன் சொன்னான்ல. கிணத்துல விழுந்தாக்கூடவான்னு நான்தான கேட்டேன். கிணத்துல விழுந்தாலும் எடுத்துட்டு வாங்கண்ணே, தண்ணிக்கும் சேத்துத்தான் மூணு வருசம்னான். அப்ப நான் விழுந்தாலுமான்னு கேட்டா ஹேமா. ஒனக்கு வாரண்டி எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு சொன்னேன். அம்மாகூடச் சிரிச்சாக." துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அப்புறம் துண்டுக்குள்ளிருந்தே கேட்டான்: "நீங்களும் அங்கனதானப்பா நின்னீக. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஏலே என்று ஒரு அதட்டு போட்டால் அடங்குகிற பிள்ளைதான் அவன். எனக்கு வாய் வரவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். என் கைகளைப் பார்த்தான். எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து அவன் என் எதிரில் சாப்பிட உட்காருவதில்லை. மொக்கம்மாளிடம் அவன் எதையும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் இன்னும் லேப்டாப்பைத்தான் திட்டுகிறாள்.

அவன் உங்களிடம் வருவதற்கு முன்னால் நானே வந்துவிட்டேன். எங்கள் வீட்டு விஷயத்தை எங்கள் வீட்டுப் பிள்ளை வெளியே போய்ச் சொன்னான் என்று ஆகக் கூடாது. சொல்ல வேண்டியதைச் சொல்ல நான் இருக்கிறேன். எனக்கு இதில் வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. வேப்பமரத்தடியில் அந்த நாற்காலி அப்படியே கிடக்கிறது. அதை எடுத்து உள்ளே போடு என்று ராஜபாண்டியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் அவள் படமும் இருக்கிறது. ஒருநாள் தெரியாமல் விரல் பட்டுவிட்டது. விபத்து விசாரணைக்கென்று நீங்கள் எடுத்துவந்து ஸ்டேஷனில் வைத்திருக்கிற அவள் போன் அன்று அடித்திருக்கும். அதையும் நீங்கள் குறித்துவைத்திருப்பீர்கள். ஆனால் அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. செய்தது குடும்பத்துக்காக. அவள் தன் அப்பாவின் நம்பரை மனதில் வைத்திருக்கவில்லை என்பதற்காக இல்லை. அப்படி எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார்கள், தெரியும். பெரியவருக்கு நீச்சல் தெரியாது, தெரிந்திருந்தால் பெற்ற மகளைக் கண்ணெதிரில் விட்டிருப்பாரா என்கிறார்கள். இந்த வாக்குமூலத்தில் அந்தப் பேச்சு ஏறிவிடக் கூடாது. அது தவறு. போன பங்குனியில்கூட அதே கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியை நான்தான் குதித்துத் தூக்கிவந்தேன். எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். தெரியாதது ஹேமாவதிக்குத்தான்.