மன்னாரில் எண்ணெய், நாவலப்பிட்டியில் வரிசை

“...கடலுக்கடியில எண்ணெய் இருக்குன்னு தெரியுங்க ஐயா, அது என் கேனுக்குள்ள எப்ப வரும்னுதான் கேக்கிறேன்” என்றார் எனக்கு முன்னால் நின்ற அக்கா.

நாவலப்பிட்டியில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்ற காலம் அது. யாரும் இடையில் புகாதபடி கேன்களின் கைப்பிடிகளில் ஒரே கயிற்றைக் கோத்துவிட்டு, நாங்கள் நிழலில் ஒதுங்கியிருந்தோம். அக்காவுக்கு ரயிலில் வடை விற்கிற தொழில். வீட்டு அடுப்பில் ஊற்ற ஒரு சொட்டு இல்லையாம்.

பத்திரிகையும் கையுமாக நின்ற கிளார்க் ஐயா விடவில்லை. “மன்னார்க் கடலைத் துண்டு துண்டாப் பிரிச்சு வெளிநாட்டுக் கம்பனிகளுக்குக் குடுக்கப் போறாங்க தங்கச்சி. இலாபத்துல மக்களுக்கும் பங்கு உண்டுன்னு போட்டிருக்கு.”

“எந்த மக்கள்னு போட்டிருக்குங்களா?”

ஐயா பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். “அது போடல்ல.”

“தேர்தல் வந்தா எண்ணெயும் மேல வந்துருது. முடிஞ்சா பழையபடி கடலுக்குள்ள போயிருது. எண்ணெய்க்கும் ஓட்டு இருக்கு போல.”

அப்போது எண்ணெய் ஷெட்காரர் வெளியே வந்து, இன்றைக்கு எண்ணெய் கொண்டுவரும் பவுசர் வராது என்று கையை விரித்தார்.

“பொறுமை வேணும் தங்கச்சி. இன்னும் கொஞ்ச வருஷந்தான்” என்றார் ஐயா.

“காலையில ரயில் வந்துருமே ஐயா. பருப்பை ஊறப் போட்டுட்டு வந்திருக்கேன்.”

கயிற்றை அவிழ்த்துத் தன் கேனை எடுத்துக்கொண்டார். தெருவைக் கடந்து எதிரில் மரம் அறுத்து விற்கிற மரக்காலைக்குப் போனார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் கொட்டிக் கிடந்த கட்டைகளில் ஈரமில்லாததாகப் பார்த்துப் பொறுக்கத் தொடங்கினார்.