தலைகீழாய்த் திருப்பினாலும் இடப்பக்கம்தான்

நமது அஞ்சல்தலைச் சேகரிப்போர் சங்கத் தலைவர் திரு. சிவசங்கரன் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, நீலசந்திராவிலிருந்து திரண்டு வந்திருக்கும் மௌரீன் டீச்சரின் மாணவச் செல்வங்களே, வணக்கம். டீச்சரின் இந்த இரங்கல் கூட்டத்தில் அழுது பேசத்தான் வந்தேன். ஆனால் டீச்சர் பெயரில் சுழற்கோப்பை என்று தலைவர் சற்றுமுன் அறிவித்தாரே, அதோடு என் அழுகை நின்றுவிட்டது. வயிறு எரிகிறது!

உயிரியல் ஆசிரியை மௌரீன் டீச்சரோடு ஒரே பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான், இராஜமாணிக்கம். மரபணுப் படம் போட்ட அஞ்சல்தலை எந்த நாட்டில் வந்தாலும் டீச்சர் தேடி வாங்குவார். முறுக்கிய ஏணி போன்ற டி.என்.ஏ.வை அதில் காட்டித்தான் பாடம் நடத்துவார். "கடையில வாங்குற ஸ்க்ரூ எந்தப் பக்கம் சுத்துதோ, நம்ம உடம்புல இதுவும் அதே வலப்பக்கம்தான்டா சுத்தும்" என்பார். அதைக் கேட்டு வளர்ந்த கிருத்திகா இன்று வைட்ஃபீல்டில் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். இதோ, முன்வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

2003. டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிந்ததன் பொன்விழா ஆண்டு. நம் சங்கக் கண்காட்சியில் டீச்சர் ஒரு வெளிநாட்டு அஞ்சல்தலையைத் தாளில் ஒட்டி, கீழே எழுதினார்: 'அழகான ஸ்டாம்ப். ஆனால் முறுக்கு இடப்பக்கம் போகிறது. தவறு.' இது குற்றமா?

தலைவர் அவர்களே, நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஸ்டாம்ப் போட்ட கவர்ன்மென்டுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா மேடம்? தலைகீழா ஒட்டிட்டீங்க, அவ்வளவுதான்." தாளைத் திருப்பினீர்கள். அப்போதும் இடப்பக்கம்! ஸ்க்ரூவைத் தலைகீழாகப் பிடித்தால் மரை சுற்றும் பக்கம் மாறிவிடுமா, ஐயா? டீச்சர் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து நீட்டினார். "இதுல பாருங்க சார், இப்ப சரியா இருக்கும்."

கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தானே உங்களால் தாங்க முடியவில்லை? "சும்மா எதுக்கு மேடம் பிரச்சனை, ஃபாரின் கெஸ்ட் வர்றாங்க" என்று தாளைக் கழற்றிப் பீரோவில் பூட்டினீர்கள். பிறகு ஒவ்வொரு கண்காட்சிக்கும் டீச்சர் வந்து கேட்டார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று இழுத்தடித்தீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் என்னிடம் அதைத்தான் கேட்டார்: "சார், என் தாளை மாட்டினாங்களா?"

கோப்பை யாருக்கு வேண்டும்? அந்தத் தாள், டீச்சர் எழுதிய வரியோடு, இந்தச் சுவரில் ஏற வேண்டும்! தவறைத் தவறு என்று எழுதும் எந்தப் பிள்ளையின் தாளையும் இனி இங்கே யாரும் கழற்ற விடமாட்டோம். டீச்சரின் படத்துக்கு முன் நின்று இந்த வாக்கைக் கொடுக்கிறோம்.

மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொல்வீர்கள். நிற்கிறோம். அதற்கு முன், தலைவர் அவர்களே, பீரோ உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. சாவியை எடுங்கள்.