சித்திரையில் ஸ்வெட்டர்

அன்னூரிலிருந்து கோயமுத்தூர் போகிற பஸ்ஸில், சித்திரை மாத வெயிலில், முன் சீட்டு அம்மாள் ஸ்வெட்டர் படங்கள் போட்ட கைவேலைப் புத்தகத்தை மடியில் விரித்திருந்தார். பக்கத்திலிருந்த பெண் கேட்டார்.

“ஏனுங்க, இந்த வெயில்ல யாருக்குங்க ஸ்வெட்டர்?”

“எங்க ஊட்டுக்காரருக்குங்க. ஆஸ்பத்திரில இருக்காரு. குளுருது குளுருதுங்கறாரு.”

“எந்த டிசைன் போடப் போறீங்க?”

“இந்த நீலக் கோடு போட்டதுங்க. போன வருசம் இதே பக்கத்தக் காட்டி, எனக்கொண்ணு போட்டுக் குடுன்னாரு. நம்மூருக்கு எதுக்குன்னு சிரிச்சுப்போட்டேன். பேரன் பேத்திக்கெல்லாம் போட்டனுங்க, அவருக்குத்தான் போடல.”

“இப்பப் போட்டுருங்க அம்மணி.”

“நேத்து இதக் காட்டுனேனுங்க. பாக்கவே இல்ல. ‘எதாச்சும் சீக்கிரம் முடியறதாப் பாத்துப் போடு’ன்னாரு.”