கல்வெட்டுப் போகாத நாடு

சரி, உயிரோடை இருக்கிறாள். சொல்லிப்போட்டாய். இனி மூச்சை விடு.

என்ன பார்க்கிறாய்? தலையிலை அடிச்சு அழுவன் எண்டு நினைச்சனீயோ? அழவேண்டியதெல்லாம் அழுது முடிஞ்சுது. அம்பத்தேழு மார்கழி வெள்ளத்திலை என்ரை மூத்தவளைத் தண்ணி கொண்டு போட்டுது எண்டு இந்தக் குடியேற்றம் முழுக்க அழுதது. இப்ப நீ வந்து, தண்ணி கொண்டு போகேல்லை ஐயா, நான்தான் கொண்டு போனனான் எண்டுறாய். கேட்டாச்சு.

உதிலை இராதை. அது என்ரை சாக்கு. அங்காலை வரம்பிலை இரு. எங்கை இருக்கிறதெண்டு உனக்குத் தெரியும்தானே, ரெண்டு வரியத்திலை மறந்து போச்சோ? குனிஞ்சு இரு. அந்தச் செடிப் பத்தை மறைக்கும். இளையதம்பி மாடு சாய்ச்சுக்கொண்டு இந்தப் பக்கத்தாலைதான் வருவான்.

வீட்டை வரவேண்டாம், வயலுக்கு வா எண்டு நளீரிட்டைச் சொல்லிவிட்டது அதுக்குத்தான். நளீர் துணி விப்பான், வாய் விக்கமாட்டான். உங்கடை உழவு மெசின் ஓட்டின சின்னராசா வந்திருக்கிறான், கலியாணம் முடிச்சு ஒரு பிள்ளையும் இருக்காம், குடும்பத்தோடை பிறநாட்டிலை போய்க் குடியிருக்கப் போறானாம், போக முதல் உங்களைத் தனியக் காணவேணுமாம் எண்டான். பெண்சாதி ஆரெண்டு அவன் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.

உனக்கு இப்ப என்ன வேணும்? சுருக்கமாச் சொல்லு. எனக்கு வாய்க்கால் தண்ணி மாத்தவேணும்.

ம். கப்பல் ஏற முதல் அவளுக்குத் தாயைப் பார்க்கவேணும். ஒரேயொருக்கா. அவ்வளவுதானே?

அதைப் பிறகு பார்ப்பம். முதல் நாட்டைச் சொல்லு. எந்த நாடு?

லண்டனோ. லண்டன் சரிவராது.

ஏனெண்டோ? சின்னவளுக்குச் சம்பந்தம் முடிஞ்சுது. நாகேஸ்வரிக்கு. ஓம், உன்ரை மனிசி தலை இழுத்துப் பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பின அதே சின்னவளுக்குத்தான். மாப்பிள்ளை கதிர்காமநாதன், லண்டனிலை கணக்குப் படிச்சு அங்கையே வேலை. வாற ஆவணியிலை வந்து தாலி கட்டி அவளையும் கூட்டிக்கொண்டு போறார். இப்ப விளங்குதோ?

லண்டன் பெரிய பட்டினமோ? நீ கண்டனீயோ? எங்கடை ஆக்களுக்கு ஒரு பட்டினமும் பெரிசில்லை. பனிக்குளிருக்கு முகத்தை மூடி, மூக்கு மாத்திரம் வெளியிலை தெரிய ஒருதன் போனாலும், தம்பி நீர் எந்த ஊர், ஆற்றை மகன் எண்டு கேட்டு முடிச்சுத்தான் விடுவினம். மாப்பிள்ளையிட்டை மச்சாளின்ரை படமும் இருக்கு. செத்த மச்சாள். நான்தான் அனுப்பினனான். கல்வெட்டோடை.

கல்வெட்டெண்டால் என்னவெண்டு தெரியாதோ? ஓ, உனக்கு ஆர் தாறது. உங்கடை ஆக்களுக்கு அடிக்கிற வழக்கமில்லை. செத்து முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு புத்தகம் அடிப்பம். செத்த ஆளின்ரை படம், வம்சம், தாய் புலம்பல், தகப்பன் புலம்பல், எல்லாம் பாட்டிலை. வந்தவைக்குக் கையிலை குடுக்கிறது, வராதவைக்குத் தபாலிலை போடுறது. நான் யாழ்ப்பாணத்திலை குடுத்து வழுவழுப்பான கடுதாசியிலை அடிப்பிச்சனான். படம் நல்ல தெளிவு. நாடியிலை இருக்கிற மச்சமும் தெரியும்.

அந்தப் புத்தகம் எங்கையெங்கை போச்சுதோ, அங்கையெல்லாம் அவள் செத்தவள். அதுதான் கேக்கிறன், எந்த நாடு?

மலாயா. யோசிச்சுத்தான் சொல்லுறியோ? ஈப்போவிலை என்ரை அண்ணற்றை பிள்ளையள் நாலு குடும்பம். மூத்தவள் அந்தப் படத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரிலை கொழுவி, வெள்ளிக்கிழமையிலை விளக்கும் வைக்கிறாளாம். நீ அந்த வீட்டுக்குப் போகவேண்டாம். சந்தையிலை மீன் வாங்கேக்கை அவளுக்குப் பக்கத்திலை உன்ரை மனிசி நிண்டால் போதும்.

சிங்கப்பூர் அதுக்கு அடுத்த வளவு. விடு.

போர்ணியோவிலை என்ரை மனிசியின்ரை ஒண்டவிட்ட தம்பி றெயில்வேயிலை இருக்கிறான். அவனுக்கு ரெண்டு புத்தகம் போச்சுது. முதல் போட்டது கிடைக்கேல்லை எண்டு எழுதினவன்.

இந்தியா ஒரு வெளிநாடோ? சிதம்பரத்துத் திருவாதிரைக்கு எங்கடை முள்ளியவளை ஊரிலை பாதி அங்கைதான் நிக்கும். நீ பிள்ளையைத் தோளிலை வைச்சுத் தேர் காட்டுவாய். பின்னாலை நிண்டு, இது மயில்வாகனத்தாற்றை மூத்தவளின்ரை சாயல் எண்டு ஒரு கிழவி சொல்லுவாள். முடிஞ்சுது.

ஆபிரிக்காவோ? ஆபிரிக்கா எண்டால் ஒரு ஊரே, எந்த ஆபிரிக்கா? கானா. அங்கைதான் இராசமலர் ரீச்சரும் புருசனும் படிப்பிக்கப் போயிருக்கினம். உன்ரை மனிசிக்கு எழுத்துப் பழக்கினதே ரீச்சர்தான். கல்வெட்டுக் கிடைச்ச உடனை எழுதியிருந்தா. அங்கத்தைப் பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் எல்லாரும் எழும்பி நிண்டு கும்பிட்டவையாம் அவளுக்கு. அதுகளின்ரை வாயிலை அவளின்ரை பேரும் வராது. எண்டாலும் நிண்டிருக்குதுகள்.

அவுஸ்திரேலியா வெள்ளைத் தோலுக்கு. பறங்கியள் போகினம். நீ உன்ரை கையைத் திருப்பிப் பார்.

குனி. சத்தம் போடாதை.

ஓம் இளையதம்பி, தண்ணி மாத்தத்தான் நிக்கிறன். ஒருதரோடையும் இல்லை, தனியத்தான் பேசிக்கொண்டு நிக்கிறன், வயசு போச்செல்லே. ஓம், சின்னவள் சுகம். சரி சரி, மாடு வரம்பிலை ஏறுது, பார்.

அவன் போயிட்டான். தடியைக் கண்டனீயோ? உன்ரை மனிசியைத் தேடிக் குளத்துத் துருசடியிலை, மதகுக்குக் கீழை, சுழியோடினவன். முதலை குதியைக் கவ்விப்போட்டுது. இழுத்துக் கரையிலை போட்டால், தன்ரை காலிலை ரத்தம் ஓடுது, அதைப் பார்க்காமல் என்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு அழுறான், பிள்ளையை எடுத்துத் தர ஏலாமல் போச்சே ஐயா எண்டு. அண்டையிலையிருந்து தடிதான். அவன் உன்னை இதிலை கண்டு, பிறகு அவளையும் கண்டானெண்டு வை. அடிக்கமாட்டான். நல்ல மனிசன். என்ரை காலைத் திருப்பித் தா எண்டு மாத்திரம் கேப்பான். குடுப்பியோ?

அழாதை. ஆம்பிளையள் அழுறதைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

தூரத்திலை நிண்டு பார்த்திட்டுப் போகட்டோ எண்டோ? நல்ல யோசினைதான். உச்சி வெயிலிலை, குளக்கட்டிலை, தண்ணியிலை போன பெட்டை முக்காடு போட்டுக்கொண்டு நிக்கிறாள். காணுறவன் கும்பிடுவானோ, கல்லெடுத்து எறிவானோ? ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் அண்டைக்கே காய்ச்சல் வரும். வேப்பிலையோடை பூசாரி வருவான்.

வீட்டுக்கை கூட்டிக்கொண்டு வரவும் ஏலாது. உடம்பு கிடைக்காட்டித் தர்ப்பையிலை உருவம் செய்து எரிக்கிறது. அவளுக்கும் எரிச்சது. கொள்ளி நான்தான் வைச்சனான். அப்பிடி எரிச்ச ஆள் ஒருவேளை திரும்பி வந்தால் என்ன செய்யிறதெண்டு ஐயரிட்டை ஒரு கதைக்குக் கேட்டனான். நெய்க்குடத்துக்கை இறக்கி எடுத்து, இப்பதான் பிறந்ததெண்டு துடக்குக் கழிச்சு, பேர் வைச்சு, காது குத்தி, எல்லாம் துவக்கத்திலையிருந்து செய்யவேணுமாம். கலியாணமும் திருப்பியாம். ஆருக்குக் கட்டிறது, உனக்கோ? ஆள் இறங்கிற நெய்க்குடம் எங்கை இருக்கெண்டும் கேட்டனான். ஐயருக்குத் தெரியேல்லை.

ஏன் கேட்டனானோ? கேட்டனான். விடு.

நான் ஒரு நாடு சொல்லட்டோ? பிறேசில். நளீரின்ரை மாமன் மாணிக்கக்கல் கொண்டு கப்பல் கப்பலாத் திரிஞ்ச மனிசன். அவரிட்டைக் கேப்பிச்சனான். எங்கடை ஆக்கள் மருந்துக்கும் இல்லையாம். கோயிலில்லை, சங்கமில்லை, ஒருதன் ஒருதனை ஆற்றை மகன் எண்டு கேக்கிறதில்லை. அங்கை ஒரு கல்வெட்டும் போகேல்லை.

பாஷையோ? உழவு மெசினுக்குப் பாஷை வேணுமோ? அவள் ஆரோடை கதைக்கிறதோ? உன்னோடை கதைக்கட்டும். உன்னோடை கதைக்கத்தானே எங்களை விட்டிட்டு வந்தவள். அங்கை இருந்து ஆசை தீரக் கதைக்கலாம். வேறை ஒருதரும் குறுக்கை வராயினம்.

பிள்ளைக்குத் தமிழ் வராது. வராட்டி நல்லது. ஆற்றை பேரப்பிள்ளை எண்டு ஆரும் கேட்டால் அதுக்குக் கேள்வியே விளங்கக்கூடாது.

லண்டனுக்குச் சீட்டு எடுத்தாச்சோ? அங்கை பஸ் திருத்திற இடத்திலை வேலையும் சொல்லி வைச்சிருக்கோ? பாவம்தான். நான் உன்னை மறிக்கேல்லை, போ. போய் அங்கை ஒரு றோட்டிலை சின்னவளும் மாப்பிள்ளையும் எதிரை வர நில்லுங்கோ. மாப்பிள்ளை உன்ரை மனிசியைப் பார்ப்பார். பிறகு சின்னவளைப் பார்ப்பார். பிறகு சின்னவள் அடுத்த கப்பலிலை தனிய இறங்குவாள். அவளைக் கொண்டுவந்து நான் எங்கை வைக்கிறது? அவளுக்கும் ஒரு வெள்ளம் வரட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறதோ?

நீ முடிவெடுக்கவேண்டாம். உன்ரை மனிசியிட்டைக் கேள். லண்டனோ, தங்கச்சியோ எண்டு.

கேக்கத் தேவையில்லையோ. ம். அவளைத் தெரிஞ்சுதான் வைச்சிருக்கிறாய்.

அப்ப லண்டன் இல்லை. மலாயாவும் இல்லை. சொன்ன ஒண்டும் இல்லை. மண்ணிலை கையை வைச்சுச் சொல்லு. வரம்பிலை வேண்டாம், அந்த உழுத மண்ணிலை வை. பிள்ளையின்ரை பேரிலை சொல்லு. பேரைச் சொல்லாதை, பிள்ளையின்ரை பேரிலை எண்டு மாத்திரம் சொல்லு.

சரி. கேட்டாச்சு. கையைத் தட்டு.

தாய். ஓம், தாயைப் பற்றிக் கதைப்பம். நீ நாட்டை விட்டுக்குடுத்தனீ, நானும் மறுமொழி சொல்லவேணும்தானே.

அன்னபாக்கியத்துக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு வந்திருக்கிறியள், நீயும் அவளும். மகள் உயிரோடை இருக்கிறாள் எண்டால் ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள் எண்டு. தகப்பன்தான் முரடன், தாய் அப்பிடியில்லை எண்டு. எனக்கு விளங்குது.

வெள்ளம் வந்த அண்டைக்கு எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கை கிடந்தம். ஆக்களை ஏத்திக்கொண்டு போக வவுனியா லொறி வந்து நிண்டுது. என்ரை மனிசி விறாந்தையிலை நிண்டவள். நீ மகளைக் கைகுடுத்து முன்னாலை ஏத்தினதைக் கண்டவள். மகள் ஒருக்காத் திரும்பிப் பார்த்தவளாம். தாய் தூணோடை ஒட்டி நிண்டிட்டாள். மகள் தாயைக் காணேல்லை.

லொறி மறையுமட்டும் நிண்டு பார்த்தவள். பிறகுதான் குளக்கட்டுக்கு ஓடினது. ஓடி, என்ரை பிள்ளையைத் தண்ணி இழுத்துப்போட்டுது எண்டு குழறினது. ஊர் குவிஞ்சுது. என்னைத் தனிய இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னாள். முழங்கால் தண்ணியிலை நான் சைக்கிளை எடுத்தனான், உங்களுக்குப் பின்னாலை வர. சைக்கிள் காண்டிலைப் பிடிச்சவள் விடேல்லை. ஓடினவளின்ரை தங்கச்சியை ஒருதனும் எடான், செத்தவளின்ரை தங்கச்சியை எடுப்பான் எண்டாள். நான் சைக்கிளைச் சாத்திப்போட்டுத் துவாயைத் தலையிலை போட்டுக்கொண்டு இருந்தனான்.

சொன்னது போலைதான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார், ஒரு பிள்ளையைப் பறிகுடுத்த குடும்பம் எண்டு இரக்கப்பட்டுத்தான் பேசி வந்தவை.

நீயும் அவளை எங்கையோ இருத்திப்போட்டு, ஊர் ஐமிச்சப்படாமல் மூண்டாம் நாள் வந்து தேடினனீ. மெசினைக் குளக்கட்டிலை நிப்பாட்டி, இடுப்பிலை கயிறு கட்டிக்கொண்டு இறங்கினாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். நல்லாத் தேடினாய். நீ தேடின தேடலைப் பார்க்க, அவள் உள்ளைதான் கிடக்கிறாளோ எண்டு எனக்கே ஐமிச்சம் வந்தது.

இளையதம்பியை ஏன் மறிக்கேல்லையோ? நீ மறிச்சனீயோ? நீயும் அவனுக்குப் பக்கத்திலைதானே நிண்டனீ.

ஐயர் செய்து வைச்ச தர்ப்பை உருவத்துக்குச் சீலை சுத்தினதும் தாய்தான். தன்ரை கலியாணக் கூறையைக் கிழிச்சுச் சுத்தினவள். தாய் புலம்பல் எண்டு புலவர் எழுதிக்கொண்டு வந்தது போதாதெண்டு, பக்கத்திலை இருந்து திருப்பி எழுதுவிச்சவளும் அவள்தான். வாசிக்க அச்சுக்கூடத்திலை ஆக்கள் அழுதவை. எந்த நாடெண்டு கேட்டு வா, லண்டனெண்டால் மறி எண்டு இண்டைக்கு என்னை அனுப்பினதும் அவள்தான். மறிச்சாச்சு.

எழும்பு. முகத்தைத் துடை. றோட்டாலை போகாதை, வாய்க்கால் ஓரத்தாலை இறங்கிப் போனால் பூவரசங்குளம் போற பஸ்ஸைப் பிடிக்கலாம்.

அவளுக்கு என்னத்தைச் சொல்லுறதோ? தாய்க்கு நெஞ்சு வருத்தம், சொன்னால் தாங்கமாட்டா, அதாலை சொல்லேல்லை எண்டு சொல்லு. நம்புவாள். நம்பிக்கொண்டே கப்பல் ஏறட்டும்.

இல்லை, தாய் வேறை ஒண்டும் கேக்கேல்லை.

ஒண்டு கேட்டவள். நான் படலையைத் திறக்கேக்கை பின்னாலை வந்து, பிள்ளை ஆரைப்போலை எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ எண்டவள். நான் கேக்கேல்லை. நீயும் சொல்லாதை.