நல்லாத்தான் பண்றான்

“ஹலோ… ஆமா, தசரதன்தான் பேசறேன்… ஆமாம்மா, வல்லம் வடகால்தான்… யாரு?… ஷாரோனா… எந்த டீவி?… ஓ, யூட்யூபா. சரி, சரி… இரும்மா, ட்ரெய்லர் லாரி போவுது, ஒண்ணும் காதுல வுழல… ஆங், இப்ப சொல்லு. எதுக்கு இன்டர்வியூ?”

தசரதனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. இன்டர்வியூ என்று கடைசியாக அவரைக் கூப்பிட்டது கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது. பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மனைவி பாஞ்சாலியிடம், சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். அவள் சத்தம் போடவே இல்லை. பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த அறைகளில், நைட் ஷிப்ட் முடித்து வந்த தென் மாவட்டத்துப் பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற நாட்களில் அவர்கள் தூக்கம் கெடக் கூடாதென்று செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் மனிதர், இன்று ஊருக்கே கேட்கும்படி பேசினார்.

“ஓ… ஏகாம்பரநாதனப் பத்தியா.”

குரல் பொத்தென்று விழுந்தது. தோளில் கிடந்த துண்டின் முனையை விரல்கள் தாமாகத் திரிக்க ஆரம்பித்தன. திரித்த முனை காதுக்குள் போயிற்று. மனசுக்கு ஒவ்வாத பேச்சு வந்தால் அவருக்குக் காது குடைய வேண்டும். அது ஆதியிலிருந்து உள்ள பழக்கம்.

ஏகாம்பரநாதன் யாரென்று சினிமா பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதாநாயகன் இல்லை, வில்லனும் இல்லை. மாமனாராக வருவார், பங்காளியாக வருவார், எதிர்வீட்டுக்காரராக வந்து வேலிச் சண்டை போடுவார். பத்து நிமிஷமே வந்தாலும், படம் விட்டு வெளியே வருகிறவர்கள் அவரைப் பற்றித்தான் பேசுவார்கள். மேடையிலும் திரையிலுமாக நாற்பது வருஷத்தை ஓட்டிவிட்ட அந்த மனிதர் தசரதனின் தெருக்காரர். இருவரும் ஒரே நாடகக் குழுவில் வேஷம் கட்டியவர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் ஊரார் அவருக்குப் பாராட்டு விழா வைத்திருந்தார்கள். மேடையில் வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லி தசரதனை மூன்று பேர் வந்து அழைத்துவிட்டுப் போனார்கள். அவர் முழங்கால் வலி என்று சொல்லியிருந்தார். வலி எந்த முழங்காலில் என்று கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

“தெரியுமாவா?… நல்லா கேட்ட போ. நான் ராஜா வேஷம் கட்டிகினு நடுவுல நிக்க சொல்ல, அவன் ஈட்டி புடிச்சிகினு பின்னாடி நிப்பான்… ஆமா, காவலாளி… வசனமா? ‘அரசே, தூதுவன் வந்திருக்கிறான்.’ அவ்ளோதான்… ஆமாமா, அத்தயும் ஒரு தபா மறந்துட்டான்… சிரிக்காத, நெஜமாத்தான் சொல்றேன்… இன்னாது, ரெக்கார்டு ஆவுதா?… ஆவட்டும், ஆவட்டும். நல்லா ஆவட்டும்.”

பொய் இல்லை. வல்லக்கோட்டை முருகனுக்குத் திருவிழா என்றால் அந்தக் காலத்தில் தசரதன்தான் ராஜா. விசிலடித்தே தொண்டை கட்டிக்கொண்டவர்கள் உண்டு. பிறகு ஏகாம்பரம் கோடம்பாக்கத்துக்குப் போய்க் கம்பெனி கம்பெனியாக வாசலில் காத்துக் கிடந்தான். தசரதனுக்கும் கம்பெனிதான் வாய்த்தது, கார் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனி. வாசலுக்கே பஸ் வந்தது, ஏறினார். ஓய்வு பெற்ற அன்றுதான் இறங்கினார். இடையில் ஏகாம்பரத்தின் முகம் சுவரொட்டிகளில் கட்டை விரல் அளவிலிருந்து முழ அளவுக்கு வளர்ந்துவிட்டது. அவன் நடித்த படம் எதையும் தசரதன் தியேட்டருக்குப் போய்ப் பார்த்ததில்லை. டீவியில் அந்த முகம் வந்தால் எழுந்து மோட்டார் போடப் போய்விடுவார். தொட்டி நிரம்பி வழிந்தாலும் படம் முடியும்வரை உள்ளே வரமாட்டார்.

“நடிப்பா?… நல்லாத்தான் பண்றான். நான் இல்லேங்கல… நல்லாத்தான் பண்றான்… ஏம்மா சிரிக்கிற?… ஒண்ணுமில்லியா. இல்ல, இந்த ரூம் பசங்களும் இப்டித்தான். சாப்பாடு எப்டிறான்னு ஒருத்தன் கேப்பான், இன்னொருத்தன் ‘நல்லாத்தான்’ம்பான், உடனே எல்லாம் சிரிக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பசங்க, அவங்க ஊர் வழக்கம் போல… சரி, அது கெடக்கட்டும். நான் சொல்றத எழுதிக்கோ. அந்த நடை கீதே, அது அவனுது இல்ல. என்னுது. ராஜா நடை. அந்தச் சிரிப்பு, மொதல்ல மூக்கால சிரிச்சிட்டு அப்பறம் வாயால சிரிக்கிறது, அதுவும் என்னுது… ஆமா… ஆமாமா, பக்கத்துல நின்னு பாத்துப் பாத்துத் தூக்கிகினு போய்ட்டான்.”

இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் தேக்கி வைத்திருந்தது மடமடவென்று கொட்டிற்று. தனக்கு வர வேண்டிய மாலை ஒன்று வழி தப்பி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது என்பதுதான் தசரதனின் கட்சி. பெயிண்ட் ஷாப்பில் முகமூடியை மாட்டிக்கொண்டு நின்ற காலமெல்லாம் அதை மனசுக்குள் வாதாடி வாதாடி, ஒவ்வொரு நாளும் அவரே ஜெயித்திருக்கிறார்.

“அது இல்லியா?… நடைய யாரும் பேசலியா… சரி, எதுவா இருந்தா இன்னா. நான் மேடைக்கு வரணும்னா ஒரே ஒரு கண்டிஷன். இது தசரதங்கிட்டருந்து எடுத்ததுன்னு மைக்குல சொல்லணும். அவன் வாயால சொல்லணும்… இன்னாது?… இன்னொரு தபா சொல்லு… சொல்லிட்டானா? அவனேவா?”

தசரதன் எழுந்து நின்றுவிட்டார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

“பாஞ்சாலி, கேட்டுக்கினியா? அவனே சொல்லிகிறான். காலையில இந்தப் பொண்ணுக்குக் குடுத்த பேட்டியில சொல்லிகிறான்… ஆங், இருக்கேம்மா… எந்த சீனு?… நான் பாக்கலியே… கல்யாணப் பந்தலா… பங்காளி வூட்டுக் கல்யாணத்தப் பாத்துகினு ஓரமா நிக்கிறான்… ம்… அந்த ஒரு சீன்லதான் பேரே வந்துச்சா. சரி, அத்த எந்த நாடகத்துலருந்து எடுத்தானாம்?… நாடகத்துல இல்லியா… பின்ன?”

அப்புறம் அவர் வாயிலிருந்து வெறும் ‘ம்’ மட்டுமே வந்தது. பாஞ்சாலி கீரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

“சைடு படுதாவுலயா… நானா?… அவன் தபால்காரன் வேஷம் கட்ன அன்னிக்கா… ஆமா… ஆமா, அன்னிக்கி நான் சைடுலதான் நின்னுகினு இருந்தேன். அடுத்த சீன் என்னுது… கையில துண்டு… காதுல…”

காதில் இருந்ததை அப்போதுதான் உணர்ந்தார். துண்டை வெடுக்கென்று உருவி நாற்காலியின் கைப்பிடியில் போட்டார்.

அந்த ராத்திரி அவருக்கு மறக்கவில்லை. மறந்தது போல வைத்திருந்தார், அவ்வளவுதான். ராஜா கதைக்கு இடையில் போடுகிற குட்டி நாடகத்தில் வழக்கமாகத் தபால்காரன் வேஷம் கட்டுகிறவனுக்குக் காய்ச்சல். ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு ஏகாம்பரம் அதைக் கட்டினான். கடிதத்தைக் கொடுக்க வந்தவன், படிக்கத் தெரியாத கிழவிக்காக அதைப் படித்துக் காட்டி, செத்துப்போன மகனின் சேதியை மறைத்து வாய்க்கு வந்ததைச் சேர்த்துச் சேர்த்துப் படித்தான். கூட்டம் சிரித்தது, பிறகு அழுதது. கைதட்டல் அடங்கவே இல்லை. ஜரிகைக் கிரீடத்தோடு படுதா ஓரத்தில் நின்ற ராஜாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. எப்படி இருந்தது என்று ஆர்மோனியக்காரர் திரும்பிக் கேட்டார். ராஜா காதைக் குடைந்துகொண்டு, நல்லாத்தான் பண்றான் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். மேடையில் கைகூப்பி நின்ற தபால்காரன் அதையும் பார்த்துவிட்டிருக்கிறான்.

“அதானா… பந்தல்ல நின்னுகினு அவன் சொல்ற அந்த ‘நல்லாத்தான்’தான் ஊரெல்லாம் சுத்துதா… போன்ல வர்ற கேலிப் படமெல்லாம் அதானா… ரூம் பசங்க சொல்றதும்…”

பாஞ்சாலியின் தோள் குலுங்கிற்று. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ அந்தப் படம் பாத்தியா?… எத்தினி தபா?… ஏண்டி என்கிட்ட சொல்லல?… ஹலோ, உன்ன இல்லம்மா, இங்க வூட்டுல. சொல்லு… இன்னா பர்மிஷன்?… என்ன ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் வெளிய வுடணும்னு அவன் சொன்னானா… நான் வேணாம்னா?… வெட்டிருவீங்களா… சரி, அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு என் பேர வச்சிக்க முடியாதா?… ரெண்டும் ஒண்ணாத்தான் கீதா… அப்ப என் பேரே வராதா.”

தசரதன் உட்கார்ந்தார். இத்தனை காலமாகக் கேட்ட மாலை வந்துவிட்டது. ஆனால் அதில் எழுதியிருந்தது ராஜபார்ட் தசரதன் என்று இல்லை, வயிற்றெரிச்சல் தசரதன் என்று. வேண்டாம் என்றால் போயிற்று. ஒருவருக்கும் தெரியாது, ஏகாம்பரமும் வாய் திறக்கமாட்டான். அப்படிப் பெருந்தன்மையாக ஒதுங்கி நிற்கிறானே என்று நினைத்தபோது அதுவும் பொறுக்கவில்லை. என்னிடம் கேட்டுவிட்டுப் போடு என்று சொல்ல இவனுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு பெரிய மனசு? அந்த மனசையும் யாரிடமிருந்தாவது எடுத்திருப்பான்.

தெருவில் இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

“இருக்கேம்மா… இருக்கேன்… ஒண்ணு கேக்கறேன், நெஜமாச் சொல்லு. நீ அத்த தியேட்டர்ல பாத்தியா?… ஆங்… அந்த எடம் வர்ற சொல்ல… ஜனங்க கை தட்னாங்களா?”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். மறுபுறம் அந்தப் பெண் நிறையப் பேசினாள் போல. அவர் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமாக அவிழ்ந்தது.

“விசிலுமா?… எங்க, மெட்ராஸ்லயா?… எல்லா ஊர்லயும்… எழுந்து நின்னா தட்னாங்க?… ம்… ம்…”

துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“போட்டுக்கோ… ஆமா, தாராளமாப் போட்டுக்கோ. வெறும் தசரதன்னு போடாத, ஊர்ல எத்தினியோ தசரதன் கீறான். மு. தசரதன், வல்லம் வடகால்னு போடு… பழைய போட்டோ கீது, ராஜா வேஷத்துல, அத்தயும் போடு… அந்த சீனு உங்கிட்ட கீதா? போட்டுக் காட்டு, கேக்கறேன்… ஆங், கேக்குது…”

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கல்யாண மேளம், கூட்டத்தின் இரைச்சல், அதற்கு நடுவே பழகிய ஒரு குரல். தன் குரலை இன்னொருவன் தொண்டையில் கேட்பது யாருக்கு வாய்க்கும்?

“திரும்பப் போடு… ம்… இன்னொரு தபா… நல்லாத்தான்…”

சொல்ல வந்தவர் கப்பென்று வாயை மூடிக்கொண்டார். பாஞ்சாலி சிரிப்பை அடக்கவில்லை. அவர் அவளை முறைத்துவிட்டு மறுபடி போனுக்குள் பேசினார், இந்த முறை பதற்றமில்லாமல்.

“எல்லாம் சரிம்மா. ஆனா ‘தான்’ல ரொம்ப இழுக்கறான். வயிறு எரியறவன் இழுக்க மாட்டான். சட்டுனு சொல்லிட்டு வேற பக்கம் பாத்துருவான், அடுத்த கேள்வி வரக் கூடாது பாரு. நாப்பது வருஷமாப் பண்றான், இன்னும் அவனுக்கு அது புடிபடல… இல்லம்மா, கால்லாம் நல்லாத்தான்… நல்லா கீது. ஞாயித்துக்கெழம வரேன். அவன் பக்கத்துலயே எனக்கு ஒரு மைக் போடச் சொல்லு. அவன் ஒரு தபா சொல்லட்டும், நான் ஒரு தபா சொல்றேன். ஜனங்க யாருக்குக் கை தட்றாங்கன்னு பாத்துருவோம்… வச்சிடறேன்.”

பதிலுக்குக் காத்திராமல் அவரே இணைப்பைத் துண்டித்தார்.